புறாக்கழுத்து நிறம்

எங்காவது ஆழ்துளைக் கிணறு தோண்டப் போர் வண்டி வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். சாப்பிட உட்கார்ந்திருந்தாலும் பாதியில் எழுந்துவிடத் தோன்றும். காலி ஊறுகாய் பாட்டில்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்துவிடுவேன். போர் போடுகிற இடத்தில் தோட்டத்துக்காரர்கள் தண்ணீர் வருமா என்று குழியையே பார்த்து நிற்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று, குழியிலிருந்து வெளியே வந்து விழுகிற கல்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மாவுதான் எனக்கு மை.

நான் அச்சுப்படம் போடுகிறவன். பலகையில் உளியால் செதுக்கி, அதன்மேல் மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்கிற படம். அதோடு நிற்பதில்லை. தென்னை மட்டையின் அடியில் மரத்தைச் சுற்றி ஒரு சல்லடை நார் இருக்குமே, பன்னாடை, அதை ஒட்டி அதன் வரிகளையும் ஒற்றி எடுப்பேன். சில இடங்களில் மில் நூலால் தைப்பேன். கடைசியில் கல்மாவைத் தூவுவேன். ஒரே படத்துக்குள் இத்தனையும் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒன்றோடு நிறுத்தினால் மனசு அடங்க மாட்டேன் என்கிறது.

பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. அதன்பிறகு பீளமேட்டில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். நூல் கோனுக்கு லேபிள், கல்லூரி விழாவுக்கு பனியன், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அடிப்போம். யார் முகத்தையும் பார்த்துப் பேசத் தேவையில்லாத வேலை. மேசையைப் பார்த்துக் குனிந்தால் சாயங்காலம் நிமிர்ந்தால் போதும். எனக்கு அது பிடித்திருந்தது. ஆள் எதிரே வந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான்.

பத்திரிகையில் மணமக்கள் பெயரைத் தங்க நிறத்தில் போட ஒரு வழி உண்டு. ஒட்டுகிற வார்னிஷில் எழுத்தை அடித்து, அது காய்வதற்குள் தங்கத்தூளைப் பஞ்சால் ஒற்ற வேண்டும். ஒட்டின தூள் நிற்கும், மீதி உதிர்ந்துவிடும். அந்த வழியில்தான் இப்போது என் மரங்களுக்குக் கல்மாவு ஏற்றுகிறேன். பழைய வேட்டித்துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்து, மேலே நிற்கிற கலங்கலை மட்டும் வடித்துக் காயவைத்தால் கண்ணுக்கு இடும் மை மாதிரி நைசாக இருக்கும். பூமியின் மேல்தோலில் இருக்கும் நிறம் பத்துப் பனை ஆழத்தில் இல்லை. கீழே போகப் போக நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து கடையில் விற்கிற மை எனக்குச் செத்த நிறமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மதுக்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறையில்தான் வேலை செய்கிறேன். சின்ன வயதில் எங்கள் வீட்டு முருங்கை இலையைத் தொட்டால் விரலில் சிமெண்ட் ஆலைச் சாம்பல் ஒட்டும். மழை பெய்த மறுநாள்தான் அது பச்சையாக இருக்கும். இலைக்கு இரண்டு நிறம் உண்டு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தச் சந்தேகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. என் படங்களில் பெரும்பாலும் மரங்கள்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவற்றின் நிழலில் உட்காரத் தோன்றாது. தென்னை ஓலைமேல் வெள்ளை ஈ உட்கார்ந்து கரி பூசினதுபோல் ஆக்கிவிடுகிறதே, அந்த ஓலையை அப்படியே காகிதத்தில் அழுத்தி எடுத்திருக்கிறேன். மரம் இல்லாத இடத்தில் மரத்தின் நிழலை மட்டும் போட்டிருக்கிறேன்.

"இதக் கொண்டாந்து ஆசாரத்துச் செவுத்துல மாட்டிராதீங்க, சாமி. ஒறம்பரை வந்தா காப்பி குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க" என்பாள் என் மனைவி. "ஊரு ஒலகத்துல பன்னாடைய அடுப்பெரிக்கப் பொறுக்குவாங்க. எங்கூட்ல ஃபிரேம் போடறதுக்குப் பொறுக்கறாங்க."

ஆனால் சலித்த மாவு பறக்காமலிருக்க அறைக்கு உள்ளே பழைய சேலையைத் திரையாகத் தைத்துத் தொங்கவிட்டவள் அவள்தான்.

போன சித்திரையில் அவளுடைய அண்ணன் போன் செய்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மலைக்காற்று வருகிற இடம். மலையே எதிரில் நின்றாலும் பூமிக்கடியில் தண்ணீர் இல்லை. முன்பு போட்ட இரண்டு போரும் வற்றிவிட்டன. மேற்குப் பக்கத்து மரங்களுக்குக் கழுத்து வளைந்து, மட்டைகள் உடம்போடு ஒட்டித் தொங்க ஆரம்பித்திருந்தன. எங்கள் கல்யாணம் நடந்த வருடம் அவர் நட்ட மரங்கள் அவை. தங்கையைக் கட்டிக்கொடுத்த அதே மாதத்தில் குழி எடுத்தாராம்.

"மாப்ள, வெள்ளிக்கெழம போர் வண்டி வருதுங்க. அம்மணியக் கூட்டிக்கிட்டுக் காலைல நேரத்துலயே வந்துருங்க. பொறந்தவ கையால தண்ணி வார்க்காம நான் தொளைக்கற பிட்ட எறக்க உடமாட்டேன்" என்றார்.

"சரிங்க மச்சான்" என்றேன். இதற்கு மேல் போனில் எனக்குப் பேச வராது.

"இந்தத் தடவையும் பொகையாப் போச்சுன்னா மேக்காலத் தோப்ப வெட்டிர வேண்டியதுதானுங்க. வேற வழியில்ல." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தண்ணீர் இல்லாத போரில் கல்மாவு வெள்ளை வெள்ளையாகப் பறக்கும். அதைத்தான் எங்கள் ஊரில் புகை என்பார்கள்.

போனை வைத்தபோது என் மேசைமேல் ஒரு பெரிய படம் பாதியில் கிடந்தது. அந்த மேற்குத் தோப்பேதான். கழுத்து வளைந்த மரங்களைச் செதுக்கி, பன்னாடையால் நிலத்தைப் போட்டு எல்லாம் முடித்திருந்தேன். மரங்களுக்கு நடுவே தெரிகிற வெளிக்கு மட்டும் நிறம் அகப்படவில்லை. அது வானமும் இல்லை, வெயிலும் இல்லை. சிமெண்டுத் தூளைத் தூவிப் பார்த்தேன், செத்துப்போன மாதிரி இருந்தது. சாம்பலைப் போட்டால் அடுப்படி மாதிரி இருந்தது. வாரக்கணக்கில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். தூக்கத்தில்கூட அந்த வெற்றிடம் வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை மொபெட்டில் மனைவி பின்னால் ஏறியதும் முதல் கேள்வியே பையைப் பற்றித்தான்.

"பையில என்னங்க கடகடங்குது?"

"ஒன்னுமில்ல அம்மணி, பாட்டலு."

"அங்கயுமா?" புட்டுவிக்கி தாண்டியதும் காதருகே சொன்னாள்: "எங்கண்ணன் வவுத்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. அங்க போயி நீங்க மண்ணு பொறுக்குனா எனக்கு மானமே போயிரும்."

"மண்ணு இல்ல. கல்லு."

"ஆமா, அதான் இப்ப ரொம்ப முக்கியம்."

தோட்டத்தில் போர் வண்டி வந்து நின்றிருந்தது. எனக்கென்று மாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இளநீர் சீவி வைத்திருந்தார்கள். வீட்டு மாப்பிள்ளை அல்லவா. என்ன வயதானாலும் அந்த நாற்காலி எனக்குத் தப்பாது. அதில் உட்கார்ந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். எழுந்து நின்றால் "ஏன் மாப்ள எந்திரிச்சுட்டீங்க" என்பார்கள். அதனால் நாற்காலியின் நுனியில், உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தேன்.

மச்சானின் மனைவி சமையல் கட்டிலிருந்து வந்து, "வாங்க, சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவது. என் மனைவிக்கு அவர் நங்கை. "ஏனுங் நங்கை, வாசனை இங்க வரைக்கும் வருது?" என்று கேட்டாள் இவள். தண்ணீர் வந்ததும் படைப்பதற்காகச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்களாம்.

நீரோட்டம் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடந்து, அது எழுந்து நின்ற இடத்தில் குறி போட்டிருந்தார்கள். என் மனைவி அங்கே மஞ்சள் தண்ணீர் வார்த்துக் கும்பிட்டாள். மச்சான் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு அவருக்கு, பெரிய குரல். அன்றைக்கு அவர் கைகள் மட்டும் துண்டின் நுனியை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தன.

கம்ப்ரசர் கிளம்பியது. அதன்பிறகு பக்கத்தில் இருக்கிறவர் காதில் கத்தினால்தான் கேட்கும். முதலில் செம்மண். பிறகு மஞ்சள் கலந்த மாவு. பிறகு பொரித்த அப்பளத்தின் நிறம். துளையிடும் இரும்புக் குழாயை ராடு என்பார்கள். ஒவ்வொரு ராடு இறங்கியதும் வெளியே விழுந்ததில் ஒரு கை அள்ளி வரிசையாகக் குவித்து வைத்தார்கள். சிறு சிறு கோபுரங்கள் மாதிரி அவை நீண்டுகொண்டே போயின. நான் என்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து, அந்த வரிசையின் கடைசியில் போய்க் குந்தியிருந்தேன். பை என் காலடியில் இருந்தது. பாட்டிலை எடுக்கவில்லை. மனைவி இரண்டு முறை பார்த்தாள்.

போர் வண்டியை ஓட்டுகிறவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். தலையில் துண்டு, காதில் பஞ்சு. நான் மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மச்சானிடம் கேட்டார்: "ஐயா யாருங்க?"

"எங்க மாப்ளைங்க. கல்லு மண்ணெல்லாம் நல்லாப் பாப்பாரு. ஊட்ல பாட்டல் பாட்டலா வெச்சிருக்காரு."

"ஓ! ஜியாலஜிங்களா?"

"ஆமா, அதேதான்" என்று மச்சான் கத்தினார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். எங்கள் கல்யாணத்திலிருந்து நான் அவரிடம் மொத்தமாகப் பேசியது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மனைவி என் வேலையைப் பற்றி வீட்டில் என்ன சொன்னாளோ, அவர் என்ன புரிந்துகொண்டாரோ. பாட்டில் பாட்டிலாகப் பூமிக்கடி மாவை எடுத்து வைத்திருக்கிற ஒருவன், வாயையும் திறப்பதில்லை என்றால், அவனுக்கு ஏதோ தெரியும் என்றுதான் தோட்டத்துக்காரர் நினைப்பார்.

அதன்பிறகு வண்டிக்காரர் ஒவ்வொரு ராடுக்கும் என்னிடம் ஒரு பிடி மாவைக் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார். "என்ன சார் சொல்றீங்க?" நான் மாவைப் பார்ப்பேன். அவரைப் பார்ப்பேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ரோசனை பண்றாரு" என்று அவர் மச்சானிடம் போய்ச் சொல்வார். நான் பேசாமல் இருக்க இருக்க என்மேல் அவர்களுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

சொல்லிவிடலாம்தான். என்னவென்று சொல்வது? எனக்குள்ளே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் வந்துவிட்டால் மாவு சேறாகிவிடும். எல்லா ஆழத்து மாவும் கலந்த சேற்றுக்குத் தனி நிறம் கிடையாது, எல்லாம் ஒரே சாம்பல்தான். அதனால் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் என் கண் குழியில் இருந்தது, தண்ணீர் வரட்டும் என்று. என் கை மாவில் இருந்தது, இன்னும் ஒன்று வரட்டும் என்று. இரண்டையும் ஒரே ஆள் எப்படி வேண்டிக்கொள்வது? எழுந்து நடந்தேன். மறுபடி குந்தினேன். வளைந்த மரங்களைப் பார்த்தால் அவையும் குனிந்து அந்த மாவுக் குவியல்களைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது.

பொழுது உச்சியைத் தாண்டியது. பேசி வைத்திருந்த ஆழம் வந்துவிட்டது. புகைதான் பறந்துகொண்டிருந்தது. மாமரம், நாற்காலி, இளநீர், என் மனைவியின் தலைமுடி எல்லாம் வெளுத்துவிட்டன. வண்டிக்காரர் கையால் சைகை செய்தார். இனி என்ன? நிறுத்தவா, இறக்கவா?

அக்கா வந்து மச்சானின் தோளைத் தொட்டார். "போதுமுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், நிறுத்தச் சொல்லுங்க. பாதித் தோப்பாவது நெலைக்கட்டும். இருக்கற பணத்தையெல்லாம் இதுலயே எறக்கிப்போடாதீங்க."

மச்சான் குழியை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் மாவு படிந்து, கண்ணோரத்தில் மட்டும் கோடு விழுந்திருந்தது. நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டுவதற்கு முந்தின நிமிடம் அது.

அந்த நேரம் பார்த்து வண்டி ஆட்களில் ஒருவர் கடைசி ராடின் மாவைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார்.

மணிப்புறாவின் கழுத்தைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் தெரியும். சாம்பல்தான், ஆனால் சாம்பல் இல்லை. உள்ளே ஒரு செம்மை ஓடும். வெயில் திரும்பினால் கொஞ்சம் ஊதா. அந்த நிறம். பூமிக்கடியில் அத்தனை ஆழத்தில், யாரும் பார்க்காமல் இத்தனை காலம் கிடந்த அந்த நிறம் என் காலடியில் சூடாக விழுந்து கிடந்தது. என் படத்தில் மரங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடம் உடனே நிறைந்துவிட்டது. வாரக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது.

நான் சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. பல்லெல்லாம் தெரிய என்று மனைவி பிறகு சொன்னாள்.

"மாப்ள சிரிச்சுட்டாரு!" மச்சானின் குரல் கம்ப்ரசரையும் தாண்டிக் கேட்டது. "பாத்தியா, மாப்ள சிரிச்சுட்டாரு! ஏம்ப்பா, எறக்கு! நாலு ராடு எறக்கு! தண்ணி பக்கத்துல இருக்குது!"

அக்கா என்னைப் பார்த்தார். "நெசமாலுங்களா?" என்று அவர் உதடு அசைந்தது. அந்த முகத்தில் பயம் போய் ஒரு ஆசை வந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்கள் ராடு எடுக்க ஓடினார்கள். மச்சான் துண்டை உதறித் தலையில் கட்டினார்.

மனைவி புகைக்குள் நடந்து என்னிடம் வந்தாள். அவளுக்கு மட்டும் தெரியும், நான் எதற்குச் சிரிப்பேன் என்று. வீட்டில் அந்தத் தகர அறையில் மட்டும்தான் நான் அப்படிச் சிரித்து அவள் பார்த்திருக்கிறாள். குனிந்து குவியலைப் பார்த்தாள். "நல்லா இருக்குது" என்று காதில் சொன்னாள். பிறகு, "போயிச் சொல்லிருங்க" என்றாள்.

"நீ சொல்லேன்."

"சிரிச்சது நானுங்களா?"

எழுந்தேன். மச்சானுக்குப் பக்கத்தில் போய், "மச்சான்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "மச்சானுங்க" என்றேன். என் பக்கம் திரும்பி, வாயெல்லாம் சிரிப்பாக, "சொல்லுங்க மாப்ள!" என்று கத்தினார். நான் ஏதோ முனகினேன். அவர் காதில் கை வைத்துக் காட்டினார். வாழ்க்கையில் கத்திப் பேசியதில்லை நான். கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்துக் கத்தினேன்.

ராடு மாற்றுவதற்காக அதே நொடியில் கம்ப்ரசர் காற்றை நிறுத்திவிட்டார்கள்.

"நான் கலருக்குத்தானுங்க சிரிச்சேன்! தண்ணிக்கு இல்லீங்க!"

தோப்பு முழுக்க அது போய் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கையில் ராடோடு ஆட்கள் அப்படியே நின்றார்கள். தமிழ் தெரியாத வடக்கத்தி ஆட்களுக்குக்கூட ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

"கலருக்கா?" என்றார் மச்சான்.

"ஆமாங்க. இந்தக் கலரு... ஒரு படத்துக்கு வேணுமுங்க. ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன். எனக்குத் தண்ணி பாக்கத் தெரியாதுங்க மச்சான். ஒன்னுந் தெரியாதுங்க."

வண்டிக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "அப்ப சார் ஜியாலஜி இல்லீங்களா?"

"பெயிண்டருங்க" என்றாள் என் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் குவியலிடம் போனார். குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாவை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு, கையைத் தொடையில் துடைத்தார்.

"எடுத்த ராட எறக்கிரு. எடுத்தாச்சுல்ல. அதோட ஏறக்கட்டிக்கலாம்" என்றார் வண்டிக்காரரிடம்.

அந்த ஒரு ராடு இறங்கி முடிகிற வரை நான் மாவைப் பார்க்கவில்லை. குழியையே பார்த்தேன். ஈரம் வரட்டும், எல்லாம் சேறாகட்டும், அந்த நிறம் நாசமாகப் போகட்டும் என்று முழு மனதோடு வேண்டினேன். அன்றைக்கு நான் இரண்டாகப் பிரியாமல் வேண்டிக்கொண்டது அந்தக் கொஞ்ச நேரம்தான். புகைதான் வந்தது.

குழாயின் வாயைத் தகட்டால் மூடி, மேலே கல் தூக்கி வைத்தார்கள். மூடுவதற்கு முன் நான் ஒரு தடவை குனிந்து காது கொடுத்தேன். உள்ளே காற்று போகிற மாதிரி, ரொம்பத் தூரத்தில் யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது. இன்றைக்கும் வேலை செய்யும்போது திடீரென்று அது காதில் வரும்.

பொங்கலை வீணாக்க முடியாது என்று இலை போட்டார்கள். முதல் இலை எனக்குத்தான். மச்சானே பரிமாறினார். நெய்யை ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "கலரு நல்லா இருந்துச்சுங்களா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, "சாப்புடறவரப் போயி..." என்று அதட்டினார்.

திரும்பும்போது பையை அங்கேயே மாமரத்தடியில் விட்டுவிட்டேன். பாட்டில்கள் காலியாகத்தான் இருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடக்க எனக்குத் தெம்பில்லை. பேரூர் வந்தபோதுதான் பின்னால் கடகடவென்ற சத்தம் இல்லாததும், ஆனால் ஏதோ கனமாக என் முதுகில் இடிப்பதும் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். மனைவியின் மடியில் மஞ்சள் பை இருந்தது. பாட்டில்கள் வாய் வரை நிறைந்திருந்தன. எல்லாவற்றிலும் புறாக்கழுத்து.

"நீயா எடுத்தே?"

"நான் எதுக்கு எடுக்கறேன். எங்கண்ணன் அள்ளிப்போட்டுக் குடுத்தாரு. மாப்ள மறந்துபோட்டுப் போறாரு, குடுத்துரு கண்ணுன்னாரு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் பையைப் பிரிக்கவில்லை. தகர அறையின் கதவையே சில வாரம் திறக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தால் வெளியே போகத் தோன்றியது, வெளியே போனால் வீட்டுக்கு வரத் தோன்றியது. அறையைத் திறந்தால் அந்தப் படம் இருக்கும். அதில் மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

ஆடியில் மேற்குத் தோப்பை வெட்டிவிட்டார்கள். வெட்டும்போது எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் மச்சானே சரக்கு ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பின்னால் தென்னைமரத் துண்டு ஒன்று, உட்காரும் மனை அளவுக்கு அறுத்தது. "இதுல ஏதாச்சும் ஆகுமான்னு பாருங்க மாப்ள. வெறகுக்குப் போறதுல ஒன்ன எடுத்துவெச்சேன்" என்றார்.

மற்ற மரங்களை அறுத்தால் வளையம் வளையமாக இருக்கும். எண்ணினால் வயது தெரியும். தென்னையில் வளையம் கிடையாது. வெட்டின முகத்தில் புள்ளிகள்தான். எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி நூற்றுக்கணக்கில், நெருக்கி நெருக்கி. அதை வைத்து எதையும் எண்ண முடியாது. நான் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே நின்றேன். அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது எங்கள் கல்யாணம் ஆகி, அவர் அந்த அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் முன்னாலேயே வேலையை எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, யாராவது பக்கத்தில் இருந்தால் எனக்கு உளி ஓடாது. துண்டின் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, மை தடவி, படத்தின் நிலத்தில் அழுத்தினேன். புள்ளிகள் விழுந்தன. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மை படாமல் வெள்ளையாக நின்றது. அதை அப்படியே விட்டேன். பிறகு மரங்களுக்கு நடுவே வார்னிஷ் அடித்து, மஞ்சள் பையைப் பிரித்து, புறாக்கழுத்து மாவைப் பஞ்சில் எடுத்து ஒற்றினேன். ஒட்டாததை ஊதினேன்.

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். மச்சான் முக்காலியில் உட்கார்ந்து படத்தையே பார்த்தார். காப்பியில் ஆடை கட்டியது.

"இது நம்ம மேக்காலத் தோப்புங்களா?"

"ஆமாங்க."

"மூனாவது வரிசைல அந்தக் கோணமரம் இருக்குது பாருங்க. அத நட்டன்னைக்கே கோணலா நட்டுப்போட்டேன்னு எங்கப்பன் வைதாரு." விரலை நீட்டினார், தொடவில்லை. "இந்த வட்டம்?"

"போருங்க."

தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு மட்டும் தண்ணி வந்திருந்தா, இந்தக் கலரு உங்களுக்குக் கெடைச்சிருக்காது இல்லீங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன். எனக்குப் பொய்யும் வேகமாக வராது.

"கெடைச்சிருக்காதுங்க மச்சான்."

"ம்" என்றார். ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "எங்கூட்டுக்கு இது வேண்டாமுங்க. ஊட்டுக்காரி தெனமும் பாத்து அழுவா. வித்தும் போடாதீங்க. இங்கயே இருக்கட்டும். நான் அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

வந்து பார்க்கிறார். தீவனம் வாங்க, பத்திரிகை வைக்க என்று இந்தப் பக்கம் வந்தால் அறைக்குள் வந்து அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்பார். வெளியே வரும்போது மாட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசுவார். நான் "ஆமாங்க" என்பேன். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் என் படங்களை மாட்டியபோது இதை மட்டும் கொடுக்கவில்லை.

போன வாரம் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது.

"மாப்ள, நம்ம தோட்டத்துக்குத் தெக்கால காட்டுக்காரரு போர் போடறாருங்க. இன்னும் ஈரம் வரலையாட்டம் இருக்குது. டப்பா எடுத்துக்கிட்டு வர்றதுன்னா வாங்க. இந்தத் தடவ யாரும் உங்களக் கேக்கமாட்டாங்க, நான் சொல்லிவெச்சிருக்கறேன்."

வாயைக் கொப்பளிப்பதற்குள் கை பைக்குப் போய்விட்டது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கயாம்?"

சொன்னேன்.

"தண்ணி வரோணும்னு வேண்டிக்கிட்டுப் போறீங்களா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் போறீங்களா?" கேலியாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் பதிலுக்காகக் கரண்டியோடு நின்றாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பேரூர் தாண்டியும் அந்தக் கேள்வி காலடியில் பாட்டில்களோடு சேர்ந்து கடகடத்துக்கொண்டே வந்தது. தொண்டாமுத்தூர் ரோட்டில் திரும்பியதும் தூரத்தில் தென்னைகளுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்புவது தெரிந்தது. வண்டியை மெதுவாக்கினேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டேன்.